வெள்ளி விளைந்த ஊருக்கு நகை வந்த கதை

வாய் பிளந்த ஜாகுவார், சுருண்டு கிடக்கும் பாம்பு, விரித்த உள்ளங்கை, சிறகடிக்கும் புறா. மேடெல்லாம் பளபளப்பு, பள்ளமெல்லாம் கறுப்பு. கையில் எடுத்தால் இவ்வளவு கனமா என்று ஒரு நொடி திகைக்க வைக்கும். மெக்சிகோ வெள்ளி நகையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: அஸ்டெக் காலத்திலிருந்து அப்பன், பிள்ளை, பேரன் என்று கைமாறி வந்த தொழில் இது. விற்பவரும் அந்த நினைப்பைக் கலைக்க அவசரப்படமாட்டார்.

ஆனால் அந்த நகைக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. பிறந்த ஊர் தாஸ்கோ. தெரு லாஸ் தெலிசியாஸ். ஆண்டு 1931. தொடங்கி வைத்தவர் அஸ்டெக்கும் இல்லை, மெக்சிகோக்காரரும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கட்டடக்கலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கர். ஒரு கைவினைக்கு இவ்வளவு துல்லியமாக ஜாதகம் கிடைப்பது அபூர்வம்.

தாஸ்கோ, மெக்சிகோ நகரத்துக்குத் தென்மேற்கே, குவெரெரோ மாநிலத்தின் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, ஏறி இறங்கும் கல் பாவிய தெருக்கள். 1520களில் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் பீரங்கி வார்க்க வெள்ளீயம் தேடி இந்தப் பக்கம் ஆள் அனுப்பினார். வெள்ளீயம் தேடி வந்த ஸ்பானியர்கள் வெள்ளியைக் கண்டார்கள். 1530களிலேயே இங்கே சுரங்கம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹோசே டி லா போர்தா என்பவருக்கு இங்கே பெரிய வெள்ளி நாளம் அகப்பட்டது. அந்தப் பணத்தில் 1751 முதல் 1758 வரை அவர் கட்டியதுதான் இன்றும் ஊர் நடுவே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் சாந்தா பிரிஸ்கா தேவாலயம். கடவுள் போர்தாவுக்குக் கொடுத்தார், போர்தா கடவுளுக்குக் கொடுத்தார் என்று ஊரில் ஒரு சொலவடை உண்டு. நடுவே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதற்குச் சொலவடை இல்லை.

மெக்சிகோவின் சுரங்கங்களில் எடுத்த வெள்ளி நாணயமாகிக் கோவேறு கழுதை முதுகில் ஏறிப் போனது. ஒரு பங்கு அட்லாண்டிக் வழியே ஸ்பெயினுக்கு. இன்னொரு பங்கு தாஸ்கோ மலைகளைத் தாண்டி அகாபுல்கோ துறைமுகத்துக்கும், அங்கிருந்து பசிபிக் கடந்து மணிலாவுக்கும். 1565இல் தொடங்கிய இந்தக் கப்பல் பாதை 250 ஆண்டுகள் ஓடியது. மணிலாவில் அந்த வெள்ளிக்கு மாற்றாகப் போன சரக்குகளில் நம் சோழமண்டலக் கரைத் துணிகளும் உண்டு. மதராஸ் வணிகர்களுக்கு மணிலா என்றாலே மெக்சிகோ வெள்ளிதான். மணிலா வணிகத்தில் பொருள் குவித்த ஆர்மீனியர் பெத்ருஸ் உஸ்கான் 1726இல் சொந்தச் செலவில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். இன்றைய சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்துக்கு முன்னோடி அது. அந்தப் பாலத்தின் கல்லிலும் மெக்சிகோச் சுரங்கத்தின் வியர்வை கொஞ்சம் கலந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

வெள்ளி உலகமெல்லாம் போனது. தாஸ்கோவில் மட்டும் தங்கவில்லை. நானூறு ஆண்டுகள் வெள்ளி தோண்டிய ஊரில், பேர் சொல்லும்படியான வெள்ளி நகைத் தொழில் கிடையாது. கரும்பு விளையும் ஊரில் வெல்லம் காய்ச்சும் அடுப்பே இல்லாத மாதிரி.

அப்படியானால் மெக்சிகோ நாட்டுப்புறத்தில் வெள்ளியே இல்லையா? இருந்தது, ஆனால் வேறு மாதிரி. ஸ்பானியர் வருவதற்கு முன்பு அங்கே பெருமைக்குரிய பொருள்கள் பச்சைக்கல், நீலப்பச்சைக்கல், இறகு, தங்கம். வெள்ளி இவற்றுக்குப் பின்னால் வந்தது. காலனிக் காலத்தில் பொதுச் செலாவணி வெள்ளி நாணயமான பிறகுதான் அது கிராமத்துக் காதுக்கும் கழுத்துக்கும் வந்தது. மாசாவா இனப் பெண்கள் நாணயத்தை உருக்கிச் செய்த கனமான வளையக் காதணி போட்டார்கள். பாட்ஸ்குவாரோ ஏரிக்கரைப் பெண்களின் மாலையில் சிவப்பு மணிகளுக்கு நடுவே வெள்ளி மீன்கள் தொங்கின. வஹாகா மலைகளில் உள்ள யாலாலக் ஊரின் சிலுவைப் பதக்கத்தில் பெரிய சிலுவையிலிருந்து மூன்று சின்னச் சிலுவைகள் ஆடும். தேவாலயங்களில் புனிதர் சிலைகளின் காலடியில் கண், கை, கால், இதயம் என்று விரல்நுனி அளவு வெள்ளித் தகடுகள் குத்தியிருக்கும். மிலாக்ரோ என்பார்கள். அற்புதம் என்று பொருள். கண் நோய் தீர்ந்தால் கண், கால் குணமானால் கால். மாரியம்மன் கோயிலில் கண்மலர் சாத்தியவர்களுக்கும், வேளாங்கண்ணியில் வெள்ளி உருவம் செலுத்தியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் இருந்தன. ஆனால் இவற்றுக்குக் கலை என்ற பெயர் இருக்கவில்லை. நகரத்து மேட்டுக்குடி பாரிஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெக்சிகோப் புரட்சி முடிந்து, 1921இல் நாட்டு விடுதலை நிறைவேறியதன் நூற்றாண்டைக் கொண்டாடும்போதுதான் காட்சி மாறியது. ரொபெர்தோ மொன்தெனெக்ரோ, ஹோர்ஹே என்சிசோ என்ற இரு ஓவியர்கள், கிராமத்துப் பானை, பாய், பொம்மை, போர்வை எல்லாவற்றையும் தலைநகருக்குக் கொண்டுவந்து கண்காட்சியாக வைத்தார்கள். டாக்டர் ஆட்ல் என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட ஓவியர் அதற்கு விரிவான நூல் எழுதினார். 'நாட்டுப்புறக் கலை' என்ற சொல் அங்கே மரியாதையோடு புழங்கத் தொடங்கியது அப்போதிருந்துதான். தாஸ்கோ நகையைப் புரிந்துகொள்ள இது முக்கியம். அது நாட்டுப்புறத்தில் தானாக முளைத்த நகை அல்ல. நாட்டுப்புறத்தைப் பார்த்து மயங்கிய நகரத்துக் கண்களிலிருந்து பிறந்தது.

அந்தக் கண்களில் ஒரு ஜோடி ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்கருடையது. மெக்சிகோ நகரத்தில் சோனோரா நியூஸ் கம்பெனி என்ற கடையை நடத்தியவர். பெயர் பத்திரிகைக் கடை மாதிரி இருந்தாலும் உள்ளே கைவினைப் பொருள்களும் ஓவியங்களும்தான். பழங்கால உருவங்களை வைத்து வெள்ளியில் நகை வரைந்து செய்வித்தவர்களில் அவர் முன்னோடி. அவரிடம் வேலை பார்த்த ஆஸ்திரியர் ரெனே தார்னோன்கூர் 1930இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் மெக்சிகோ கலைக் கண்காட்சியை நடத்தினார். பிற்காலத்தில் அதே ஊரின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கே இயக்குநரானார். இப்படியாக அமெரிக்க வாங்குபவர்களின் ரசனையை உழுது போட்டவர்கள் வேறு. விதைத்தவர் பெயர்தான் நிலைத்தது.

அவர் வில்லியம் ஸ்ப்ராட்லிங். 1900இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். துலேன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். நியூ ஆர்லியன்ஸில் அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர், அப்போது யாருக்கும் தெரியாத எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர். 1926இல் இருவரும் சேர்ந்து ஊர்ப் பிரபலங்களைக் கிண்டல் செய்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். கேலிச்சித்திரம் இவர், முன்னுரை அவர். ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்னொருவர் அதே 1926 கோடையில் மெக்சிகோவுக்குப் போய், அங்கேயே மனதை விட்டுவிட்டு வந்தார். அடுத்தடுத்த கோடைகளிலும் போனார். 1929இல் வேலையை உதறிவிட்டு ஒரேயடியாகக் குடிபெயர்ந்தார்.

கையில் காசில்லை. இங்கேதான் ஓவியர் டியேகோ ரிவேரா கதைக்குள் வருகிறார். அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோ, குவெர்னவாகா நகரில் கோர்ட்டெஸின் பழைய அரண்மனையில் ரிவேரா சுவரோவியம் தீட்டுவதற்குப் பணம் கொடுத்தார். இடையில் பேசி முடித்துவைத்தவர் ஸ்ப்ராட்லிங். தரகாகக் கிடைத்த 2,000 டாலரில் தாஸ்கோவில் வீடு வாங்கினார். இந்த வரிகளை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஸ்பானியர் செய்த கொடுமையைச் சுவர் முழுக்க வரைந்த கம்யூனிஸ்ட் ஓவியர், படத்துக்குச் செலவு செய்த முதலாளித்துவ நாட்டுத் தூதர், அந்தத் தரகில் எழுந்த நகைத்தொழில். வரலாறு இப்படித்தான் பந்தி பரிமாறுகிறது.

ஸ்ப்ராட்லிங்குக்கு வெள்ளி யோசனை வந்ததும் மாரோவின் ஒரு பேச்சிலிருந்துதான் என்று அவரே தன் வரலாற்றில் சொல்கிறார். நூற்றாண்டுகளாக இந்த ஊர் வெள்ளியை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது, தனக்கென ஒரு தொழிலை வைத்துக்கொள்ளவில்லையே என்ற பேச்சு. அன்றைக்கு அது வெறும் ஆதங்கமாக இல்லை, கணக்காகவும் இருந்தது. உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். 1932இல் வெள்ளி விலை அவுன்சுக்கு 25 சென்ட் வரை இறங்கியது. தோண்டி விற்றால் கட்டாது, நகையாக்கி விற்றால் கட்டும். போதாததற்கு, தலைநகரிலிருந்து அகாபுல்கோ போகும் மோட்டார் சாலை 1920களின் கடைசியில் தாஸ்கோ வழியாகத் திறந்திருந்தது. கடலுக்குப் போகிற பயணிகள் இங்கே இறங்கிச் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்டவர்கள் எதையாவது வாங்கியாக வேண்டும்.

ஸ்ப்ராட்லிங்குக்கு வரையத் தெரியும், உளி பிடிக்கத் தெரியாது. பக்கத்து ஊரான இகுவாலா பொற்கொல்லர்களுக்குப் பேர்போனது. அங்கிருந்து அர்தேமியோ நவரேத்தே என்ற ஆசாரியை அழைத்து வந்தார். 1931இல் லாஸ் தெலிசியாஸ் தெருவில் பட்டறை திறந்தது. தெருவின் பெயரே பட்டறைக்கும் ஆனது: தாயெர் தெ லாஸ் தெலிசியாஸ். வெள்ளி மட்டும் இல்லை, மர நாற்காலி, தகரக் கைவினை, நெசவு எல்லாம் அங்கே நடந்தது. உள்ளூர்ப் பையன்கள் எடுபிடியாகச் சேர்ந்து, தீ ஊதி, ராவி, மெருகேற்றி, மெல்ல மெல்ல உளிக்கு வந்தார்கள். ஒரு ஆசிரியருக்கு வேறு எப்படித் தொழில் நடத்தத் தெரியும்! பட்டறையைப் பள்ளிக்கூடமாகவே நடத்தினார். 1937 முதல் ஜூன் 27ஆம் தேதி தன் ஆள்களுக்கிடையே போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார். பின்னாளில் அந்தப் போட்டியே தேசிய வெள்ளி விழாவாக வளர்ந்தது.

அந்தக் காலத்துத் தாஸ்கோ வேடிக்கையான ஊர். ஓவியர் சிகேரோஸ் 1930இல் சிறையிலிருந்து வெளியே வந்து, இங்கேயே இருக்க வேண்டும் என்ற உத்தரவோடு தங்கியிருந்தார். ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன் படமெடுக்க வந்துபோனார். ஜப்பானிய ஓவியர் தமிஜி கிதகாவா ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். மலைச்சரிவில் ஒரு சின்ன ஊர், தெருவுக்கு ஒரு மேதை.

இனி நகைக்கு வருவோம். ஸ்ப்ராட்லிங் உருவங்களை எங்கிருந்து எடுத்தார்? முதலில், மண்ணுக்கடியிலிருந்து. பழங்கால மக்கள் துணியிலும் தோலிலும் அச்சுக் குத்தப் பயன்படுத்திய சுட்டமண் முத்திரைகள் மெக்சிகோவில் ஏராளம். சுருள், படிக்கட்டுக் கோடு, பறவை, குரங்கு எல்லாம் அதில் உண்டு. கட்டடக்கலைக்காரருக்கு அந்தத் தட்டை வடிவங்கள் சட்டென்று பிடிபட்டன. பட்டறை திறந்த சூட்டோடு 1932 ஜனவரியில் வஹாகாவின் மோன்தே அல்பானில் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ 7ஆம் எண் கல்லறையைத் திறந்தார். உள்ளே மிஷ்தெக் பொற்கொல்லர்களின் தங்கமும் முத்தும் நீலப்பச்சைக்கல்லும் குவிந்து கிடந்தன. பழைய மெக்சிகோவின் நகை என்ற பேச்சு செய்தித்தாள்களுக்கு ஏறியது. தாஸ்கோவுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் யாரும் கொடுத்திருக்க முடியாது.

அடுத்து, மாட்டுப் பண்ணையிலிருந்து எடுத்தார். எனக்குப் பிடித்த ஸ்ப்ராட்லிங் நகைகள் இந்த வகைதான். கயிறு, முடிச்சு, தோல்வார், கொக்கி, குதிரைச் சேணத்தின் பொத்தான் எல்லாம் வெள்ளியாக மாறின. ஜாகுவாரைப் பார்த்து யாருக்கும் பழமை தோன்றும். முறுக்கிய கயிற்றில் அழகு பார்க்கத் தனிக் கண் வேண்டும். கல்லுக்கும் தூரம் போகவில்லை. அதே குவெரெரோ மாநிலத்தில் கிடைக்கும் செவ்வந்திக்கல். எரிமலை கக்கிய கறுப்புக் கண்ணாடிக்கல்லான அப்சிடியன். வெள்ளியோடு ரோஸ்வுட் மரத்தையும் ஆமையோட்டையும் சேர்த்தார்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்து ஐரோப்பிய வெள்ளி நகை மெல்லிசு, பூவேலை, நுணுக்கம். தாஸ்கோ நகை தடிமனான தகட்டை வெட்டி, அரக்குப் போன்ற கருங்கீலின் மேல் படுக்க வைத்து, பின்பக்கமிருந்து தட்டி உருவத்தை எழுப்பி, முன்பக்கம் உளியால் கோடு தீட்டியது. பள்ளங்களைக் கந்தகக் கலவையால் கறுக்க வைத்துவிட்டு மேட்டை மட்டும் தேய்ப்பார்கள். நம் கடைவீதியில் 'ஆக்சிடைஸ்டு' என்று விற்பதும் இதே முறைதான். சுத்தத்துக்கும் குறைவில்லை. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஸ்ப்ராட்லிங் பட்டறை 980 வரை போனது. அவ்வளவு தூய வெள்ளி மென்மையானது, சீக்கிரம் வளையும். அதைத் தாங்கத்தான் அந்தத் தடிமன் என்றும் சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போர்தான் இந்தப் பட்டறையைத் தொழிற்சாலையாக்கியது. பாரிஸிலிருந்து அலங்காரப் பொருள் வருவது நின்றதும் அமெரிக்கப் பெரிய கடைகள் தெற்கே திரும்பின. உச்சத்தில் ஸ்ப்ராட்லிங்கிடம் 400 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். வெளிப்பணத்தைச் சேர்த்துக் கம்பெனியாக்கினார். போர் முடியும் தறுவாயில் கம்பெனி அவர் கையை விட்டே போனது. சிறிது காலத்தில் படுத்தும்விட்டது. அவர் தாஸ்கோ எல் வியேஹோ பண்ணைக்கு ஒதுங்கி, சிறு குழுவோடு மறுபடியும் ஆரம்பித்தார். 1940களின் கடைசியில் அமெரிக்க அரசு அவரை அலாஸ்காவுக்கு அழைத்து, அங்குள்ள மக்களுக்கும் இப்படி ஒரு தொழிலை உண்டாக்க முடியுமா என்று கேட்டது. அலாஸ்கா இளைஞர்கள் சிலர் தாஸ்கோவுக்கு வந்து பயிற்சியும் பெற்றார்கள். திட்டம் அதற்கு மேல் நகரவில்லை. ஒரு ஊரில் பிடித்த வேர் இன்னொரு ஊரிலும் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1967 ஆகஸ்டில் இகுவாலா அருகே நடந்த கார் விபத்தில் அவர் இறந்தார். தாஸ்கோவில் அவரை 'தோன் கில்லெர்மோ' என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் பென்னி குயிக்கைச் சொல்வதுபோல, வெளியூர்க்காரர் என்ற நினைப்பே இல்லாமல்.

ஆனால் இந்தக் கதையை ஸ்ப்ராட்லிங்கோடு முடிக்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதியைப் படிக்க நகையைத் திருப்ப வேண்டும்.

1930களின் ஸ்ப்ராட்லிங் நகையைத் திருப்பினால் பின்பக்கம் பின்னிப் பிணைந்த டபிள்யூவும் எஸ்ஸும் இருக்கும். வரைந்தவர் பெயர் அது. தட்டியவர் பெயர் எங்கும் இல்லை. நவரேத்தே தட்டினாரா, அவரிடம் கற்ற பையன் தட்டினானா, தெரியாது. கிராமத்துக் காதணியில் யார் பெயரும் கிடையாது, அது வேறு. இங்கே ஒரு பெயர் இருக்கிறது, இன்னொரு பெயர் இல்லை.

அந்தக் கணக்கைத் தட்டியவர்களே நேர் செய்தார்கள். 1939இல் காஸ்தியோ சகோதரர்கள் ஸ்ப்ராட்லிங்கிடமிருந்து பிரிந்துபோய் 'லாஸ் காஸ்தியோ' என்று தங்கள் பெயரிலேயே பட்டறை வைத்தார்கள். வெள்ளி, செம்பு, பித்தளை மூன்றையும் ஒரே தகடாக இணைத்து உருவம் தீட்டுவது அவர்கள் கைவரிசை. அதற்கு 'கல்யாணம் முடித்த உலோகம்' என்று பெயர் வைத்தார்கள். இறகை வெள்ளியில் பதிக்கும் பழைய கலையையும் மீட்டார்கள். அதே 1939இல் ஸ்ப்ராட்லிங் பட்டறையை நிர்வகித்த எக்தோர் அகிலார் 'தாயெர் போர்தா' தொடங்கினார். 940 அவர் விரும்பிய தூய்மை. கிதகாவாவிடம் ஓவியம் கற்ற பிள்ளைகளில் ஒருவரான அந்தோனியோ பினேதா, வெறும் 'அந்தோனியோ' என்று கிரீட முத்திரைக்குள் பெயர் பொறித்தார். 1944இலேயே அவர் நகை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நின்றது. கல்லை உலோகத்துக்குள் நழுவாமல் இருத்துவதில் அவருக்கு நிகரில்லை. ஜாகுவாரும் பாம்பும் அவரிடம் மெல்ல மெல்லக் கரைந்து வெறும் வளைவாகவும் நிழலாகவும் ஆகிவிட்டன. நாட்டுப்புறச் சாயலை எதிர்பார்த்து அவர் நகையை வாங்குபவர் ஏமாறுவார்.

காஸ்தியோ குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பிரிந்த அமெரிக்கப் பெண் மார்கோ வான் வோர்ஹீஸ் 1948இல் தனிக்கடை போட்டார். வெள்ளியின் மேல் நீலமும் பச்சையுமாக மீனாகாரி பூசிய அவர் நகைகளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் வரிசை இருந்தால் சேகரிப்பவருக்குத் தூக்கம் போய்விடும் என்பது தபால்தலைக்காரர்களுக்குத் தெரிந்த உண்மை.

நாட்டுப்புறக் கலைதான் வேண்டும் என்பவருக்கு நான் தாஸ்கோவை விட்டுவிட்டு மெக்சிகோ நகரத்தைக் காட்டுவேன். அங்கே மத்தில்தே பூலா 1930களில் தொடங்கிய பட்டறையின் முத்திரை 'மாட்ல்'. தட்டி எழுப்பிய புறா, சிலுவை, பூக்கூடை, சுற்றிலும் பவளமும் நீலப்பச்சைக்கல்லும், கீழே ஆடும் தொங்கட்டான்கள். பாட்ஸ்குவாரோ மீன்மாலையும் யாலாலக் சிலுவையும் ஒரே வீட்டில் பேத்தி பெற்றால் அப்படித்தான் இருக்கும். தாஸ்கோ நகையில் வடிவமைப்பாளரின் மூளை தெரியும். மாட்ல் நகையில் தேர்த்திருவிழாவின் சத்தம் கேட்கும்.

இந்த ரசனைக்கு முகமாக நின்றவர் ஓவியர் ஃப்ரீடா காலோ. கிராமத்துத் துணி உடுத்தி, மண்ணில் கிடைத்த பச்சைக்கல் மணிகளைத் தானே கோத்து, காதில் கனத்த தொங்கலோடு அவர் நின்ற புகைப்படங்கள் உலகம் முழுக்கப் போயின. அவர் இறந்த பிறகு பூட்டிக் கிடந்த அறை 2004இல் திறந்தது. உடையும் நகையும் வெளியே வந்தன. 2018இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்சியானது. அதற்குப் பிறகு 'ஃப்ரீடா காதணி' என்று எதை வேண்டுமானாலும் விற்கிறார்கள். பாதிக்கு மேல் அவர் பார்த்திருக்கவே முடியாத சரக்கு.

அதனால்தான் நகையின் முதுகைப் படிக்கத் தெரிய வேண்டும். 1948 வாக்கில் மெக்சிகோ அரசு கழுகு முத்திரையைக் கொண்டுவந்தது. சின்னக் கழுகு, அதன் மார்பில் ஓர் எண். கழுகு இருந்தால் அந்தக் காலத்துக்குப் பிறகு செய்தது. கழுகு இல்லாமல் வெறுமனே 'மெக்சிகோ சில்வர்' என்று இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிப் பணம் எடுக்கக் கூடாது. 1980 வாக்கில் கழுகு போய் எழுத்தும் எண்ணும் வந்தன. முதல் எழுத்து ஊர், அடுத்தது செய்தவர் பெயரின் முதலெழுத்து, பிறகு பதிவு எண். ஆக, 'ஸ்ப்ராட்லிங், 1940' என்று ஒருவர் காட்டும் காப்பின் முதுகில் 'டி' என்று தொடங்கும் பதிவெண் இருந்தால், வரைந்தவர் ஸ்ப்ராட்லிங்காகவே இருக்கலாம், செய்த காலம் 1940 அல்ல. அவர் காலத்துக்குப் பிறகும் அதே வடிவங்களை முறைப்படி செய்து விற்கும் பட்டறை உண்டு. அது போலி இல்லை. விலைதான் வேறு. 'அல்பாகா' என்று பொறித்திருந்தால் விஷயமே வேறு. நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோமே, அதுதான். மருந்துக்கும் வெள்ளி கிடையாது.

முத்திரையை யாரும் குத்திவிடலாம் என்பதால், தேர்ந்தவர்கள் அதற்கு அப்பாலும் பார்ப்பார்கள். பற்றவைத்த இடம் சுத்தமாக இருக்கிறதா, கொக்கியின் ஊசி அந்தக் காலத்துத் தடிமனா, வளைவின் உள்பக்கம் உடம்பு பட்டுத் தேய்ந்திருக்கிறதா. முதல் தடவை வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு வீட்டுக்கு வந்ததும் நடக்கும். வெள்ளியைப் பளிச்சென்று ஆக்கும் திரவத்தில் நகையை முக்கிவிடுவார்கள். ஆசாரி வேண்டுமென்றே வைத்த கறுப்பும் அதோடு போய்விடும். ஜாகுவார் கண் இழந்து, வெறும் வெள்ளைத் தகடாகக் கிடக்கும். மெல்லிய துணியால் மேட்டை மட்டும் துடைத்தால் போதும். போட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் தேவையில்லை.

தாஸ்கோ சுரங்கத்தில் 2007 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுரங்கம் நின்றது. உளிச் சத்தம் நிற்கவில்லை. நானூறு ஆண்டுகள் நகை இல்லாமல் வெள்ளி தோண்டிய ஊர், இப்போது வெளியிலிருந்து வெள்ளி வாங்கி நகை செய்கிறது.

சனிக்கிழமைகளில் அங்கே வெள்ளிச் சந்தை கூடுகிறது. தெருவை அடைத்த கூடாரங்களின் கீழ் மோதிரமும் காப்பும் குவியலாகக் கிடக்கும். மொத்த வியாபாரிகள் தராசில் போட்டு கிராம் கணக்கில் அள்ளிப் போவார்கள். அந்தக் குவியலை விட்டு, ஓரத்தில் பழைய சரக்கு வைத்திருப்பவரின் துணி விரிப்பின் முன்னால் சிலர் குந்தியிருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுப்பார்கள். முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார்கள். சட்டென்று திருப்பி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் விழும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ப்பார்கள்.